அது போயிருச்சு

என் மகனுக்கு ஒன்றரை வயதாகிறது. பிள்ளைக்குத் தினமும் தாலாட்டு பாடுங்கள், மூளை வளர்ச்சிக்கு நல்லது என்று கிளினிக்கில் தாதி சொன்னார். நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தொட்டிலை ஆட்டத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, முதலிலிருந்து கடைசிவரை எனக்கு ஒரே ஒரு தாலாட்டுதான் தெரியும். அது ஒரு வைஃபை பெட்டிக்காக எழுதப்பட்டது.

கண்ணு ரெண்டும் செவந்ததென்ன
கண்மணியே வைஃபையே
பச்ச வெளக்கு எரியலையே
பக்கத்து லைன் போயிருச்சா
மழையில நீ நனஞ்சியோ
மாடியில சிக்னல் இல்லையோ
அணச்சு ஒன்ன எழுப்பிவிட்டா
அழுகாம எரிவாயோ

மகன் மூன்றாவது வரியிலேயே தூங்கிவிட்டான். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார், "என்னம்மா பாட்டு அது, பக்கத்து லைன்னு வருது? எஸ்டேட்டு லயத்துல பாடுன பாட்டா?" என்று கேட்டார்.

லைன் என்றால் அவருக்குத் தோட்டத்து வரிசை வீடுகள்தான். "ஆமாங்கத்தை," என்றேன்.

பொய் சொல்லிவிட்டேனே என்று அன்று முழுக்க உறுத்தியது. மறுநாள் உண்மையைச் சொல்லப் போனேன். அதற்குள் அவர் தன் தங்கைக்குத் தொலைபேசியில், "நம்ம மருமக பழைய லயத்துப் பாட்டெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

அந்தப் பாட்டை எழுதியவரை நாங்கள் ஐடி அக்கா என்று கூப்பிடுவோம். பல்கலைக்கழகம் முடித்து பதினொரு மாதம் வீட்டில் இருந்த பிறகு, மலேசியாவின் ஜொகூரில், பத்து பாகாட் நகரில் ஒரு தையல் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் கிராணியாக, அதாவது எழுத்தராகச் சேர்ந்தேன். அங்கே கணினிகள் எல்லாம் அவர் பொறுப்பு. மாடிப்படிக்குக் கீழே அவருக்கு ஓர் அறை. அதில் பாதியை சர்வர் எடுத்துக்கொண்டிருக்கும். சர்வருக்காக ஏர்கோன் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஜொகூர் வெயிலில் ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்த ஒரே மனிதர் அவர்தான். நாற்பது தாண்டிய வயது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து, வயர் கட்டும் கறுப்பு நாடாவால் கட்டப்பட்டிருக்கும். நான் இருந்தவரை அதை மாற்றவில்லை.

கணினி வேலை செய்யவில்லை என்று அவரை அழைத்தால் முதல் கேள்வி, "என்ன காட்டுது?" இரண்டாவது கேள்வி, "என்ன மெட்டுல வேணும்?"

நகைச்சுவைக்காகக் கேட்கிறார் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். "எது உங்களுக்கு வசதியோ அதுலக்கா" என்றேன். அவர் என் மேசைக்கடியில் தவழ்ந்து போய், வயர்களுக்கு நடுவிலிருந்து கோயில் பஜனை மெட்டில் பாடத் தொடங்கினார். பிளக்கை யாரோ காலால் தட்டிவிட்டார்கள் என்பதுதான் பாட்டின் சாரம். தட்டியது நான்தான். ஆனால் பாட்டில் குற்றவாளி பிளக்தான். தன் நிலையில் உறுதியாக நிற்கத் தெரியாத பிளக்.

அவரிடம் எல்லாவற்றுக்கும் பாட்டு இருந்தது. வயர் இல்லாத மௌஸ் புதிதாக வந்தபோது அதற்கு நலங்குப் பாட்டு பாடினார். "வாலு போன எலியாருக்கு வலது கையில் மஞ்சள் பூசி" என்று தொடங்கும். ஒரு விண்வெளிப் படத்தில் வரும் கப்பல் வேகமா, இன்னொன்றில் வருவது வேகமா என்று ஸ்டோர் கிராணியோடு சாப்பாட்டு நேரத்தில் எதிர்ப்பாட்டுப் போட்டி நடந்தது. இரண்டு படத்தையும் பார்க்காத தையல் பெண்கள்கூட கட்சி பிரிந்து கை தட்டினார்கள். கடவுச்சொல்லுக்கு ஒரு கும்மி இருந்தது.

எட்டெழுத்து வேணுமடி
ஏட்டுலதான் எழுதாதடி
புருசன் பேரு போடாதடி
புள்ள பேரும் வேணாமடி

பாட்டு தொழிற்சாலை முழுவதும் பரவியது. எல்லாருக்கும் பாட்டு மனப்பாடம். கடவுச்சொல்தான் யாருக்கும் நினைவில் இல்லை. அந்த மாதம் ஒரே கடவுச்சொல்லைப் பதினேழு பேர் வைத்திருப்பதை அக்கா கண்டுபிடித்தார். எல்லாம் 'எட்டெழுத்து வேணுமடி'.

பாடும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முகம் தேவாரம் பாடுபவர் முகம்போல இருக்கும். எதிரில் இருப்பவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் சற்று நிறுத்தி, "முடிஞ்சதா? இன்னும் ரெண்டு வரி இருக்கு," என்பார்.

ஒரு நவராத்திரிக்குத் தன் அறையில் கொலு வைத்தார். கணினி அட்டைப்பெட்டிகள்தான் படிகள். அவற்றில் அவர் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த ரோபோக்கள், முகமூடி வீரர்கள், மூன்று கண்ணுள்ள அயல்கிரகப் பொம்மைகள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் படியில், பழைய ஃப்ளாப்பி தட்டு ஒன்று பூமாலையோடு. மூத்தோர் மேலேதான் இருக்க வேண்டுமாம். சுண்டலும் உண்டு. அடுத்த பிரிவிலிருந்த மலாய்த் தோழி வாசலில் மரியாதையாகக் காலணியைக் கழற்றிவிட்டு, உள்ளே போய்ச் சுண்டலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எங்கள் அலுவலகத்தைக் கூட்டும் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, மூன்று கண் பொம்மைக்கு நெற்றியில் குங்குமம் வைத்தார்.

"இது எந்த ஊரு சாமி, ஐடிம்மா?"

"ரொம்ப தூரம் பெரியம்மா. போய் வரவே நானூறு வருசம் ஆவும்."

"அப்ப சக்தி இருக்கும்," என்றார் பெரியம்மா. குங்குமத்தை அக்கா கடைசிவரை துடைக்கவில்லை.

அவருக்கு ஒரு விதி இருந்தது. உற்பத்தி மேலாளர் ஒருவர், எதற்கும் கத்துகிறவர். அவர்மேல் ஒரு பாட்டு கட்டச் சொல்லி எல்லாரும் கெஞ்சினார்கள். நானும் கெஞ்சினேன். அக்கா அசையவில்லை.

"ஆள பாடக்கூடாதும்மா. மிஷின பாடலாம். மிஷின் மனசுல வச்சுக்காது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிரிண்டர் மட்டும் வச்சுக்கும்," என்றார்.

அந்த விதியை நினைக்கும்போது, இப்படி அவரைப் பற்றி எழுதுவதே சரியா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. இது பாட்டில்லை, வெறும் உரைநடைதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பெயரை எழுதாததும் அதனால்தான்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

எனக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம். அது முடியும் வாரம். வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தை நானே தட்டச்சு செய்து, எங்கள் மேலாளரின் மேசையில் கையொப்பத்துக்காக வைத்திருந்தேன். மேலாளர் ஒரு சீன அம்மையார், எங்களுக்கு மேடம். அவர் கையொப்பமிட்டால் நான் நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுத வேண்டும். என் அம்மா அதற்குள் எங்கள் தாமான் குடியிருப்பு முழுவதும் சொல்லிவிட்டார், எதிர்வீட்டு மெக்கானிக் உட்பட.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குப் பெரியம்மா துடைப்பத்தோடு என் மேசைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஐடிம்மா உள்ள ஒப்பாரி வச்சு அழுவுது. நீ போய்ப் பாரு தாயி. எனக்குத் தாங்கல."

ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து உண்மையாகவே ஒப்பாரி கேட்டது. குரல் உடைந்திருந்தது.

பதினோரு வருசமாப்
படுக்காம ஒழச்ச ராசா
மூச்சு எரைக்குதுன்னு
மூணு மாசம் சொன்னேனே
நெஞ்சுல கைய வச்சேன்
நெருப்பாக் கொதிச்சதய்யா

அக்காவின் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், வாரக் கடைசியில் வந்து போவார் என்று மட்டும் தெரியும். கதவைத் தட்டினேன். அக்கா திறந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, பெரியம்மா சொன்னாங்க. உண்மையாக்கா?"

"ஆமாம்மா. அது போயிருச்சு. காலையில நான் வந்து பாக்கறப்பவே மூச்சு இல்ல."

"ஒடம்பு முடியாம இருந்துச்சா?"

"மூணு மாசமா ஒரு மாதிரி எரைக்கும். எத்தன பேருகிட்ட சொன்னேன். யாரும் காதுல வாங்கல."

"வேற எங்கயும் காட்டலையாக்கா?"

"சிங்கப்பூர்ல கேட்டேன். வயசாச்சு, இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று மனிதவளப் பிரிவுக் கையேட்டில் படித்திருந்தேன். "எப்ப எடுக்கறீங்க?"

"மத்தியானம் எடுத்துருவோம். புதுசு ரெண்டு மணிக்கு வருது."

புதுசு என்றதும் எனக்குத் திக்கென்றது. சவப்பெட்டியைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். துக்கத்தில் இருப்பவரிடம் தோண்டித் துருவிக் கேட்கக்கூடாது.

"நீங்க வீட்டுக்குப் போகலையாக்கா?"

"எப்படிம்மா போறது? ஆபீஸே இதுமேலதான ஓடுது. முடிச்சிட்டுத்தான் போவேன்."

என்ன கடமையுணர்ச்சி என்று நினைத்தேன். அவர் 'அது' என்று சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. என் அம்மா முப்பது வருடமாக என் அப்பாவை அப்படித்தான் சொல்கிறார். அது வந்துருச்சா, அது சாப்புடுச்சா, அதுக்கு மாத்திரை குடுத்தியா. 'அது' என்றால் எங்கள் வீட்டில் அப்பா.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். "பெத்துல்கா?" என்றார், உண்மையா என்று. பிறகு, நீயே எல்லாவற்றையும் கவனி, உன்னால் முடியும் என்றார். ஆறு மாதத்தில் என்னை நம்பி அவர் கொடுத்த முதல் பொறுப்பு அது. கோப்பில் அக்கா கணவரின் பெயரைத் தேடி எடுத்தேன். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் இரங்கல் அறிவிப்பு எழுதினேன். 'அன்னாரின் பிரிவால் வாடும்' என்பதில் பிழை வருமோ என்று அகராதி பார்த்தேன். மூன்று நாள் மரண விடுப்புக்குப் படிவம் நிரப்பினேன். மின்னஞ்சல் வேலை செய்யவில்லை. அதனால் அறிவிப்பை அச்சிட்டு முகப்பில் ஒட்டிவிட்டு, அலுவலக வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அன்று மின்னஞ்சல் ஏன் வேலை செய்யவில்லை என்று நான் ஒரு கணம் யோசித்திருந்தால் போதும்.

பகல் முழுவதும் ஆட்கள் மாடிப்படிக்குக் கீழே போய் வந்தார்கள். கதவருகே யாரோ ஒரு குவளை மைலோ வைத்தார்கள். உற்பத்தி மேலாளர்கூட ஒரு முறை வந்து தலை குனிந்து நின்றுவிட்டுப் போனார். அக்கா கைபேசியை அணைத்து வைத்துவிட்டு உள்ளே வேலையாக இருந்தார். எட்டிப் பார்த்தவர்களிடமெல்லாம், "தேங்க்ஸ்ங்க, ரொம்ப தேங்க்ஸ்," என்றார். மூன்று மணிக்குப் பூக்கடையிலிருந்து பெரிய மலர் வளையம் வந்தது. அதை முகப்பில் நிறுத்தினோம்.

ஐந்து மணிக்கு நான் முகப்பைக் கடந்தபோது, கையில் ஹெல்மெட்டோடு ஒரு குட்டையான மனிதர் வளையத்துக்கு முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"யாரப் பாக்கணும்ங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"வைஃப்ப கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்மா. நாளைக்குப் பொது லீவு. ஐடில இருக்காங்க." வளையத்தைக் காட்டினார். "இது நான்னு நெனைக்கிறேன். ஒரு எழுத்து மட்டும் விட்டுட்டாங்க."

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். "அலமாக்," என்று பதறினார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப செத்தது யாரு?"

அந்த நேரம் பார்த்து அக்கா அறையிலிருந்து வெளியே வந்தார். ஸ்வெட்டரில் தூசி. நான் பார்த்த முதல் சிரிப்பு அவர் முகத்தில்.

"வந்துட்டீங்களா? இப்பதான் புதுச ஏத்தி முடிச்சேன். சத்தமே இல்லாம நல்லா ஓடுது." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒரு சர்வருக்கு இத்தன பேரு வந்து விசாரிப்பாங்கன்னு நான் நெனச்சே பாக்கல."

பிறகுதான் வளையத்தைப் பார்த்தார். முழுவதையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கணவரைப் பார்த்து, "நீங்க வண்டிய எடுங்க, வரேன்," என்று மட்டும் சொன்னார். தன் கணவரை அவர் 'நீங்க' என்பதை அப்போதுதான் கேட்டேன். 'அது' எங்கள் வீட்டு வழக்கம் மட்டும்தான் என்பது இருபத்து நான்கு வயதில் எனக்குத் தெரிந்தது.

விடுமுறை முடிந்து வியாழக்கிழமை காலை, மேடம் என் நிரந்தரக் கடிதத்தைக் கையொப்பமிடாமல் ஓர் ஓரமாக நகர்த்திவிட்டு, வேறொரு கடிதத்தை என்னிடம் கொடுத்தார். உயிரோடு இருக்கும் ஒருவருக்கு நிறுவனத்தின் பெயரில் இரங்கல் அறிவித்ததற்குத் திங்கட்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் தகுதிகாண் காலம் அத்துடன் முடியும்.

அலுவலகத்தில் அன்று வேறு பேச்சே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் கிராணி அக்காவைச் சூழ்ந்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார்.

"அக்கா, இதுக்கு ஒரு பாட்டு போட்டே ஆகணும்லா. இந்த மாதிரி சரக்கு திரும்பக் கிடைக்குமா?"

"அந்தப் புள்ள மிஷினா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லதான், ஆனா..."

"அப்ப பாட்டு கிடையாது."

ஆனால் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றும் மறுநாளும் அந்த அறையிலிருந்து எந்தப் பாட்டும் வரவில்லை. பிரிண்டரில் காகிதம் சிக்கியபோது வந்து, மௌனமாக இழுத்துவிட்டுப் போனார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒருவரின் தாலியைக் காகிதத்தில் அறுத்துவிட்டேனே என்று நினைத்து நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை. விளக்கக் கடிதத்தை ஆறு முறை எழுதினேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீளமாகவும், என்னை முட்டாளாகக் காட்டுவதாகவும் இருந்தது. மூன்று முறை மாடிப்படிவரை போய்த் திரும்பினேன். நான்காம் முறை கதவு தானாகத் திறந்தது.

"உள்ள வா. கதவ சாத்து, குளுரு வெளிய போவுது."

"கோவமாக்கா?"

"கோவமா? எதுக்கு?" அவர் மேசை முழுக்கக் கசக்கிய காகிதங்கள். "ரெண்டு நாளா மேடத்துக்கு ஒரு லெட்டர் எழுதறேன்மா. வரவே மாட்டேங்குது. எப்படி ஆரம்பிச்சாலும் மெட்டு வந்து உக்காந்துக்குது. வாயத் தொறந்து பாடிட்டா அவ்ளோதான், லெட்டர் பாட்டாப் போயிரும். அதான் வாய மூடிக்கிட்டு இருக்கேன்."

"எனக்காகவா எழுதறீங்க?"

"நீ விசாரிச்சப்ப, சர்வர்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருக்கலாம்ல. சொல்லல. எனக்கு அன்னிக்கு வேற எதுவும் தோணல."

"சார் வருத்தப்பட்டாங்களாக்கா?"

"அவரா? அந்த வளையத்தோட படம் எடுத்து சிங்கப்பூர்ல எல்லாருக்கும் அனுப்பிட்டாரு. போ, நான் எழுதணும்."

திங்கட்கிழமை காலை மேடம் என்னை அழைத்தார். மேசையில் மலாயில் எழுதிய ஒரு தாள் இருந்தது. நான்கே வரிகள், ஒன்றிலும் எதுகை இல்லை. இறந்தது சர்வர். இந்தப் பெண் என்னிடம் வந்து முறையாக விசாரித்தாள், இறந்தது எது என்று நான்தான் சொல்லவில்லை. அதற்கு மூச்சிரைக்கிறது என்று மூன்று மாதமாக இந்த அலுவலகத்தில் எல்லாரிடமும் சொன்னேன். நான் சொன்னதைக் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டவள் இவள் ஒருத்திதான்.

கீழே வேறு பேனாவில், பெரிய எழுத்தில் இன்னொருவர் எழுதியிருந்தார்: "மேற்படி சம்பவத்தில் காலமானவன் நான். நலமாக இருக்கிறேன். எனக்கு ஆட்சேபனை இல்லை." அதற்குக் கீழே ஒரு கையொப்பம், அடையாள அட்டை எண்ணோடு.

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னலைப் பார்த்தார். தோள் குலுங்கியது. பிறகு என் நிரந்தரக் கடிதத்தை இழுத்துக் கையொப்பமிட்டு, இரண்டு தாள்களையும் என்னிடம் தள்ளினார். கோப்பில் சேர்த்துவிடு என்றார்.

நிரந்தரக் கடிதத்தை என் கோப்பில் வைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன். 'மரண விடுப்பு' கோப்பிலா, 'பழுதடைந்த சாதனங்கள்' கோப்பிலா என்று முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் ஒரு பிரதி எடுத்து, இரண்டிலும் வைத்தேன்.